நாள் முழுதும் கொழுந்து மலையில் நடக்கும் அம்மாவுக்கு நடைப்பயிற்சி எதற்கு? வைத்தியர் சொன்ன ஆலோசனை பற்றி ஒரு கேள்வி

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 47 வயது. பதினேழு வயதில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவர். அன்றிலிருந்து முப்பது வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறார். இரண்டு கிழமைகளுக்கு முன்னர் மலையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று, கூட வேலை செய்யும் அக்காமார் இருவர் அவரைத் தாங்கிப் பிடித்து, நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் பேரை, அதாவது அன்றைய வேலையை, விட்டுவிட்டு டவுனிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னதால் அதற்கு அடுத்த நாளும் போக வேண்டியதாயிற்று. ஆக இரண்டு நாள் சம்பளம் போய்விட்டது.

முடிவுகள் இவை. இரத்த அழுத்தம் 148/94. வெறும் வயிற்றில் சீனி 114. ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த வைத்தியர், உப்பையும் சீனியையும் குறைக்கும்படியும், கீரையும் பழமும் சாப்பிடும்படியும், தினமும் அரை மணி நேரம் நடைப்பயிற்சி செய்யும்படியும் சொல்லி, ஒரு மாதத்தில் மீண்டும் வரச் சொன்னார். நான் அவரைக் குறை கூறவில்லை. வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவரும் முகம் சுளிக்காமல்தான் பேசினார். ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "நான் நடக்காத நடையா? இன்னும் எங்கே போய் நடக்கச் சொல்கிறார்?"

அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, மூன்று கரண்டி சீனி போட்ட சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர், ஒரு கோப்பை குடிப்பார். கோதுமை மா ரொட்டி சுட்டு, அதில் தனக்குரிய இரண்டைச் சம்பலோடு டப்பாவில் கட்டிக்கொண்டு, ஒரு போத்தலில் சாயத்தண்ணியும் எடுத்துக்கொண்டு ஏழரைக்கு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போவார். ஒன்பதரை மணியளவில்தான் அந்த ரொட்டியைச் சாப்பிடுவார். பகலில் கொழுந்தை எடை போட்ட பிறகு லயத்துக்கு ஓடிவந்து சோறு, பின்னர் மறுபடியும் மலை, மாலையில் மறுபடியும் சாயத்தண்ணி, இரவு ஒன்பதுக்கு மீதிச் சோறு அல்லது ரொட்டி. இடையில் வெற்றிலை. வாரத்தில் ஒரு நாள்தான் சந்தை. பழம் என்பது பிள்ளைகளுக்கு வாங்குவது.

இந்த வாழ்க்கைக்குள் வைத்தியர் சொன்னவற்றில் எதை முதலில் செய்வது? நான் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பெரிய செலவு செய்யும் நிலை இல்லை. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தோட்ட மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், பதுளை

மகள், உங்கள் அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. நான் தோட்ட மருந்தகங்களில் வேலை செய்த காலத்தில் நூறு தடவையாவது அதைக் கேட்டிருப்பேன். கிழமைக்கு 150 நிமிடங்கள் உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களையும் மனத்தில் வைத்துத்தான். தலையில் கயிறு மாட்டிக் கூடையைச் சுமந்துகொண்டு செங்குத்தான மலையில் ஏறி இறங்குபவருக்கு அந்த அளவு இரண்டு நாளிலேயே நிறைந்துவிடும். ஆகையால் அந்த ஒன்றை அம்மாவின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நடைப்பயிற்சி வேண்டியது, கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கு எழுதுகிற உங்களுக்குத்தான். அம்மாவுக்கு வேண்டியது ஓய்வு.

இனி இலக்கங்களுக்கு வருவோம். 114 என்ற சீனி அளவு நீரிழிவு அல்ல. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, இன்னொரு நாளிலும் அது உறுதியானால்தான் நீரிழிவு என்பார்கள். 100க்குக் கீழே இருப்பதே நல்லது என்பதால், அம்மா இப்போது வரம்பின் மேல் நிற்கிறார். அங்கிருந்து பின்வாங்க இன்னும் இடம் இருக்கிறது. 148/94 என்ற அழுத்தத்தை ஒரே நாள் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது. அன்று அம்மா பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பார், பயந்திருப்பார், வெற்றிலையும் போட்டிருக்கலாம். அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னிருந்து தேநீரும் புகையிலையும் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்திருந்த பின்னர் அளக்க வேண்டும். வேறு வேறு நாட்களில் இப்படி அளந்தும் 140/90க்கு மேலே நின்றால் அதை இரத்த அழுத்த நோயாகக் கொள்ளலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 9.8தான். அவர் வயதில் 12க்குக் குறையக்கூடாது. மலையில் தலைசுற்றியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் அந்த மாத்திரையை அம்மா எதனோடு விழுங்குகிறார் என்று இன்றே கேளுங்கள். சாயத்தண்ணியோடு என்றால், மாத்திரையின் பெரும்பங்கு வீண்தான். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேர விடாது. ரொட்டிக்கும் கீரைக்கும் பருப்புக்கும் இதே கதைதான். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் பெண்களின் இரத்தத்தை, அந்தத் தேயிலையைக் குடிக்கும் நேரமே குறைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். தேநீரை விட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு முன்னரும் பின்னரும் ஒரு மணி நேரம் சாயத்தண்ணி இல்லாமல் இருக்க வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில், தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு எடுப்பது நல்லது. வயிறு எரிந்தால் சிறிது சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். பாலோடும் கல்சியம் மாத்திரையோடும் சேர்க்கக்கூடாது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். இரத்தம் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாமல், அதன் பின்னரும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வைத்தியர் சொல்கிறபடி எடுத்தால்தான் உடம்பில் சேமிப்பு உண்டாகும்.

கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன். முப்பது வருடம் கூடை சுமந்தவருக்கு இடுப்பு வலியும் முழங்கால் வலியும் இல்லாமல் இராது. அம்மா அதற்கு எங்கேயாவது கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? வைத்தியரிடம் அதைச் சொன்னாரா? "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் கடையில் வாங்குவதை அவர்கள் மருந்தாகக் கணக்கிடுவதில்லை.

தலவாக்கலை ஆசிரியை

தங்கை, என் மாமியாருக்கு ஆறு வருடங்களாகப் பிரஷர் இருக்கிறது. அவரும் தோட்டத்தில் வேலை செய்தவர். அடுப்படியில் நாங்கள் செய்துபார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

உப்பைக் குறையுங்கள் என்று சொல்கிறார்களே தவிர, எங்கே இருக்கிற உப்பை என்று யாரும் சொல்வதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிதான் அளவு. நான் ஒருநாள் எங்கள் வீட்டில் ரொட்டி மாவுக்குப் போடும் உப்பைக் கையால் அள்ளாமல் கரண்டியால் அளந்து பார்த்தேன். ஐந்து பேருக்கான மாவில் குவித்து மூன்று கரண்டி போயிற்று. அதற்கு மேல் சம்பலுக்கு உப்பு, பகலில் கருவாடு, பருப்புக்கு உப்பு, பிள்ளைகளின் நூடில்ஸ் பக்கெட்டிலுள்ள தூள். மாமியார் கறியில் உப்பைக் குறைத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். ரொட்டியிலிருந்து அது போய்க்கொண்டே இருந்தது.

ஒரே நாளில் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். முதல் கிழமை மாவுக்கான உப்பில் கால் பங்கைக் குறைத்தேன், யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது கிழமையில் இன்னும் கால் பங்கு. பிறகு மாவில் உப்பே போடாமல், சம்பலில் உள்ள உப்பே ரொட்டிக்கும் போதும் என்று வந்துவிட்டோம். சம்பலில் உப்பு குறைந்த இடத்தைத் தேசிக்காய்ப் புளி நிரப்பிவிடும். அந்தப் புளி, மேலே ஐயா சொன்ன இரும்புச்சத்து சேர்வதற்கும் உதவும். கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு இரண்டு தடவை கழுவி, கிழமைக்கு ஒரு நாள் மட்டும் சமைக்கிறோம். அந்த இடத்தில் முட்டை, கடலை, கௌபி, பாசிப்பயறு என்று மாற்றுகிறோம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: உப்பு விலை கூடுகிறது என்று அயடீன் சேர்க்காத கல் உப்புக்கு மாற வேண்டாம். எங்கள் பாட்டிமார் காலத்தில் கழுத்தில் கழலையோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அயடீன் உப்பையே வாங்கி, மூடியுள்ள பாத்திரத்தில் அடுப்புச் சூடு படாத இடத்தில் வைத்து, குறைவாகப் போட வேண்டும்.

சீனிக்கும் ஒரு கணக்கு. மட்டமான ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் 72 கிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்று சொல்லும்போது, சாயத்தண்ணியிலேயே அவ்வளவும் போய்விடுகிறது. மாமியார் இப்போது சீனியைக் கோப்பையில் கரைப்பதில்லை. உள்ளங்கையில் அரைக் கரண்டி வைத்துக்கொண்டு, நாக்கில் தொட்டுத் தொட்டு ஒரு கோப்பையை முடிக்கிறார். அது அவருடைய அம்மா குடித்த முறையாம். கித்துள் கருப்பட்டிக்கு மாறினால் சீனி ஏறாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல, கருப்பட்டியும் சீனிதான்.

கீரைக்குச் சந்தைக்குப் போகத் தேவையில்லை என்று உங்களுக்குத் தெரியும். லயத்துப் பின்புறம் ஒரு பழைய உர உறையில் பொன்னாங்காணியும் வல்லாரையும் வைத்தால் போதும். பழத்துக்குக் கொய்யா, காலத்துக்குப் பேசன் பழம், மரத்தக்காளி. அப்பிளும் திராட்சையும்தான் பழம் என்று எண்ணி நாங்கள் வீணாக மனம் வருந்துகிறோம். ஆனால் அந்தப் பழத்தில் ஒன்றை அம்மா தன் டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். "பிள்ளைகளுக்கு" என்று வைத்துவிடுவார். நீங்கள்தான் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. ஐயா கேட்டது சரியாகப் போய்விட்டது. நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு எழுந்து போய், சாமிப் படத்துக்குக் கீழே இருக்கும் பால்மா டின்னை எடுத்துவந்து கவிழ்த்தார். மடித்த சிறு காகித உறைகள் பதினொன்று விழுந்தன. உறைகளின் மேல் மருந்தின் பெயர் இல்லை. பேனாவால் ஒரு கோடு, அதன் கீழே இன்னொரு கோடு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று பொருளாம். சிலவற்றில் இன்னும் மாத்திரைகள் இருக்கின்றன: வெள்ளை நிறத்தில் ஒன்றும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றும். இடுப்பு வலிக்கு என்று டவுனில் ஒரு கடையில் கேட்டால் கொடுப்பார்களாம். கொழுந்து அதிகமாக இருக்கும் மாதங்களில் நாள்தோறும் போட்டிருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு மேல் இருக்கும் என்கிறார். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

இரும்புச்சத்து மாத்திரையையும் சாயத்தண்ணியோடுதான் விழுங்கியிருக்கிறார்.

குடும்ப வைத்தியர், ஹட்டன் பக்கம்

வணக்கம். ஒருவரை நேரில் பார்க்காமல் நோய் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எனினும் இந்தத் தாய்க்கு இனி நடக்க வேண்டியதைப் பற்றிச் சில விடயங்களைத் தெளிவாக எழுத விரும்புகிறேன்.

அந்த உறைகளில் இருப்பது டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரோஃபென் வகையைச் சேர்ந்த வலி நிவாரணியாக இருந்தால், அவை மூன்று வழிகளில் இவருக்குப் பொருந்தாதவை. உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தைக் கூட்டும். வயிற்றின் உட்சுவரில் புண்ணை உண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக இரத்தம் கசியச் செய்யும். நீண்ட காலம் எடுத்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஒருவர் அழுத்தம் கூடியும் இரத்தம் குறைந்தும் ஒரே நேரத்தில் வரும்போது, இந்த மாத்திரைகளைத்தான் நாங்கள் முதலில் தேட வேண்டும். சில கடைகளில் இவற்றோடு ஸ்டீரொய்ட் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு; அது சீனியையும் ஏற்றும். ஸ்டீரொய்ட் மாத்திரையை நீண்ட நாள் எடுத்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாக முடியலாம் என்பதால், டின்னிலுள்ள எல்லா உறைகளையும் அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் காத்திராமல் இந்தக் கிழமையே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. வலிக்கு மருந்து தேடியது குற்றமல்ல. பெயரெழுதாமல் மருந்து கொடுப்பதுதான் குற்றம். இனிமேல் எங்கே மருந்து வாங்கினாலும் அதன் பெயரை உறையில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

அங்கே சென்றதும் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை: சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை, சிறுநீரில் புரதம் உண்டா என்ற பரிசோதனை, எவ்விதமான இரத்தசோகை என்பதைக் காட்டும் முழு இரத்தப் பரிசோதனை. மலம் தார்போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடும் துர்நாற்றத்தோடும் போகிறதா என்பதையும் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு வேறு, இது வேறு. யாராவது மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் ஏச்பிஏ1சி பரிசோதனையைச் செய்தால், இரும்புச்சத்துக் குறைவினால் அதன் முடிவு உண்மையை விடக் கூடுதலாகத் தெரியலாம் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் இரத்தம் ஏறிய பின்னர் சீனியை மறுபடியும் பார்ப்பது நல்லது.

வலிக்கு என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். இல்லாவிட்டால் டின் மறுபடியும் நிறையும். பெரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை, தேவையான நாளில் மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கூடையின் பாரத்தை நிறைய விடாமல், இடையிலேயே ஒரு தடவை கூடுதலாக, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இறக்க முடியுமா என்று கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள். வைத்தியசாலையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருந்தால் அங்கே அனுப்பும்படி கேட்கலாம்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். புகையிலை மட்டும்தான் கெடுதி, வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. அம்மாவின் வாயை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று கிழமைகளாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், இரத்த வாந்தி, தார் போன்ற மலத்தோடு மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. லயம் எந்தப் பிரிவில், எந்தப் பாதையால் வர வேண்டும், வாகனம் எதுவரை வரும் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தால், அழைக்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

குடும்பநல உத்தியோகத்தர், நுவரெலியா மாவட்டம்

தங்கச்சி, எல்லோரும் சொன்னதோடு நான் பெண்களிடம் மட்டும் பேசுகிற இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். 47 வயதில் இரத்தம் குறைந்தால் மாதவிடாய் எப்படிப் போகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. ஏழு நாட்களுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, துணி ஒரு மணி நேரத்துக்குள் நனைகிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். "மாறுகிற வயது, அப்படித்தான்" என்று அவர் சொல்லக்கூடும். இந்த அளவுக்கு இரத்தம் குறையுமளவு போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் இலவசமாகச் செய்வார்கள். குடல் பூச்சிக்கான மருந்து கடைசியாக எப்போது எடுத்தார் என்பதையும் கேளுங்கள். வெறுங்காலோடு மலையில் நிற்கிறவர்களின் பாதத்தின் வழியாகக் கொக்கிப்புழு உள்ளே போகும்; அது குடலில் இருந்துகொண்டு இரத்தத்தையே உறிஞ்சும்.

மற்றையது தண்ணீர். மலையில் மலசலகூடம் இல்லாததால், எங்கள் பெண்கள் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்கள். நான் போகிற லயங்களில் அடிவயிற்று வலியும் சிறுநீர் எரிச்சலும் இல்லாத பெண்களை விரல் விட்டு எண்ணலாம். தாகத்தில் வரும் தலைவலியை அவர்கள் பிரஷர் என்று நினைத்து மறுபடியும் மாத்திரை போடுவதையும் பார்த்திருக்கிறேன். தோட்டத்து மாதர் சங்கத்தில் பேசி, நிறுவை மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு மலசலகூடம் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். நான் வேலை செய்யும் ஒரு பிரிவில் அப்படிக் கேட்டு, எட்டு மாதம் விடாமல் கேட்டு, ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. அதுவரை, பகல் நிறுவைக்கு லயத்துக்கு வரும்போதும் மாலையிலும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தடவையும் பேர் போகிறது என்ற கவலைக்கு: கிளினிக் நாளை வைத்தியசாலையில் முன்கூட்டியே கேட்டு, எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் வைத்துத் தரும்படி கேளுங்கள், பலர் கேட்பதே இல்லை. 35 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் பல அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கின்றன. அங்கே வரிசை குறைவாக இருக்கும். கிளினிக் கொப்பியில் எழுதுவது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், மருந்து எடுக்கும் முறையைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்

ஆறு கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வைத்தியர் சொன்னபடி டின்னோடு போனோம். அம்மாவை முதலில் பார்த்த அதே வைத்தியர்தான் வைத்தியசாலையில் இருந்தார். உறைகளை மேசையில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு இருபது நிமிடங்கள் அம்மாவோடு பேசினார். வெள்ளை மாத்திரை டைக்ளோஃபெனாக் என்றார். மற்றதை அவராலும் அடையாளம் காண முடியவில்லை. ஆனால் நிறுத்துவதைப் படிப்படியாகச் செய்ய ஓர் அட்டவணை எழுதித் தந்தார், தமிழில். சிறுநீரகப் பரிசோதனை நன்றாக இருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை அழுத்தம் 136/86. ஹீமோகுளோபின் 10.9. சீனியை இன்னும் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். மாதவிடாய் பற்றிக் குடும்பநல அக்கா கேட்டது உண்மையாகிவிட்டது; ஸ்கேன் எடுப்பதற்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், வருகிற மாதம் 9ஆம் திகதி. வெற்றிலையை விடவில்லை. புகையிலையை மட்டும் நிறுத்தியிருக்கிறார், பல் வைத்தியரிடம் வரமாட்டேன் என்று நிற்கிறார். அதை எப்படிச் சொல்வது என்று யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

ரொட்டியோடு சாயத்தண்ணி இல்லாமல் எப்படி இறங்கும் என்று முதல் நாள் கோபித்தார். பனி மூடிய மலையில் சூடாக ஒன்றும் இல்லாமல் இருப்பது கஷ்டம்தான். அதனால் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரை ஒரு பிளாஸ்கில் ஊற்றிக் கொடுக்கிறேன். அதை ஒன்பதரைக்கு ரொட்டியோடு குடிக்கிறார். சாயத்தண்ணிப் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், பதினொரு மணிக்கு முன்னர் திறக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாக. இப்போது அம்மாவின் வரிசையில் நிற்கும் மூன்று பேரின் போத்தல்களிலும் சிவப்பு நூல் இருக்கிறதாம்.